புளியடிக்கடைக்கு விலாசம் இல்லை

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய எண்ணெய் பூசுகிறா.

போன ஞாயிறு போனில் ஒன்று கேட்டாய். "பேரனைக் கூட்டிக்கொண்டு வாறன், சின்னனில நான் சாப்பிட்ட கடையள் எல்லாத்தையும் அவனுக்குக் காட்டோணும், எது எங்க இருக்கெண்டு எழுதி அனுப்புங்கோ" என்றாய். அதற்கென்ன, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. 38 வருஷம் தபால்காரனாக இருந்தவனிடம் விலாசம் கேட்டிருக்கிறாய். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மலாயன் கபே என்றால் பெரியகடைப் பக்கம் கைகாட்டிவிடுவார்கள். வன்னியில் கடையென்று ஒன்றைக் காட்டுவதென்றால், முதலில் எந்த வருஷத்துக் கடை என்று கேட்கவேண்டும்.

புளியடிக்கடையை உனக்கு நினைவிருக்குமே? ஆனால் அதைப் புளியமரத்துக்குக் கீழே பார்த்தது உனக்கு நினைவிருக்கச் சாத்தியம் குறைவு. உனக்கு ஆறு வயதானபோதே அது அந்த மரத்தை விட்டுவிட்டது. அதற்கு முந்தியதை நான்தான் சொல்லவேண்டும்.

நான் உத்தியோகத்துக்கு வந்தது 1984இல். அந்த வருஷம்தான் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியது. கண்டி வீதியில், கரடிப்போக்குச் சந்திக்கும் டிப்போச் சந்திக்கும் நடுவே ஒரு கிடுகுக் கொட்டில், பெயர்ப்பலகை இல்லை. பனங்குத்தி வாங்கு இரண்டு, ஒரு கண்ணாடி அலுமாரி, அதற்குள் வாய்ப்பன், சுசியம், கடலை வடை. முதலாளி வடமராட்சிக்காரர். இரணைமட்டுத் தண்ணீரை நம்பிக் காணி செய்ய வந்த தகப்பனோடு சின்ன வயதிலேயே வந்துவிட்டவர். காணி தம்பிக்குப் போனது, இவருக்குத் தேத்தண்ணிக் கேத்தில்.

காலையில் தபால்பையோடு சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு ஒரு வெறுந்தேத்தண்ணி. மத்தியானம் சோறு. கோப்பையில் இல்லை, தாமரை இலையில். குளத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். சுடுசோறு விழுந்ததும் இலை ஒரு வாசம் விடும் பார், வாழையிலைக்கு அது கிடையாது. சிவத்தப் புழுங்கலரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, குளத்து விரால் குழம்பு. விரால் அகப்படாத நாளில் ஜப்பான் மீன். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். எருமைத்தயிர் வேண்டுமென்றால் சட்டியோடு முன்னுக்கு வைப்பார், அள்ளிக்கொள்வது நம் மனச்சாட்சி. இப்போது எல்லா இடமும் கோப்பைமேல் லஞ்ச் சீற்றை விரித்துத்தான் சோறு போடுகிறார்கள். கழுவும் வேலை மிச்சமாம். சுடுசோற்றைப் பொலித்தீனில் கொட்டுவதைக் கண்டால் எனக்குப் பசியே போய்விடும். அம்மா இதைக் கிழவன் குணம் என்கிறா.

கமக்காரர் அங்கே கையில் காசோடு வருவதில்லை. கொப்பியில் எழுதுவார்கள். பெரும்போகம் வெட்டிச் சூடடித்து நெல் விற்றதும் ஒரு முறை, சிறுபோகம் முடிய இன்னொரு முறை, வந்து கணக்குத் தீர்ப்பார்கள். தை, மாசியில் முதலாளியின் முகத்தைப் பார்த்தே விளைச்சலைச் சொல்லிவிடலாம். எனக்கு மாதச் சம்பளம், ஆனாலும் நானும் கொப்பிக்காரன்தான்.

நீ பிறந்த 1990 ஆனி மாதத்தில் சண்டை திரும்பவும் தொடங்கியது. யாழ்தேவி ரயில் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் கண்ணில் படாத சாமான்களாயின. முதலாளி தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டார். கிளாசோடு ஒரு துண்டுப் பனங்கட்டி தருவார், கடித்துக் கடித்துக் குடிக்கவேண்டும். துண்டு பெரிதா சின்னதா என்பதில் பெரிய மனிதர்களெல்லாம் சண்டை பிடித்தார்கள். கோதுமை மா அருமையாகிப் போக வாய்ப்பன் அலுமாரியை விட்டுப் போனது, அந்த இடத்துக்குக் குரக்கன் ரொட்டி வந்தது. இரவில் ஜாம் போத்தல் விளக்கு, அந்த வெளிச்சத்தில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரியாது. அதுவும் ஒரு மரியாதைதான்.

1996 ஆடி மாதக் கடைசியில் ஆமி கிளிநொச்சி நோக்கி வர, நாங்கள் ஸ்கந்தபுரத்துக்குப் போனோம். உனக்கு அப்போது ஆறு வயது. உழவு இயந்திரப் பெட்டியில் முதலாளி முதலில் ஏற்றியது கேத்தில், அப்புறம் கொப்பி, அதற்கும் பிறகு மனைவியின் தையல் மெஷின். கேத்திலுக்குப் பிறகுதான் நான் என்று அந்த அக்கா கடைசிவரை சொல்லிக்காட்டுவா. ஸ்கந்தபுரத்தில் ஒரு பாலைமரத்தின் கீழ் கொட்டில் போட்டார்கள். பாலைமரமென்றாலும் சனத்துக்கு அது புளியடிக்கடைதான். புதிதாக வந்த ஒருவர் புளியமரத்தைத் தேடி அரை மணித்தியாலம் சுற்றியலைந்து வந்து முதலாளியைத் திட்டியது எனக்கு இன்றும் சிரிப்பு.

என் உத்தியோகம் அங்கேதான் விசித்திரமாகப் போனது. கடிதங்கள் வாரக்கணக்கில் பிந்தி வரும். உறையில் உதயநகர், ஜெயந்திநகர் என்று எழுதியிருக்கும். அங்கே ஆள் இல்லை, எங்கே இருக்கிறார்கள் என்றும் தெரியாது. நான் புளியடிக்கடை வாங்கில் குந்திப் பெயர்களை உரத்து வாசிப்பேன். "அவை அக்கராயனில நிக்கினம்" என்று ஒருவர் சொல்வார், "அந்தப் பெடியன் மல்லாவிச் சந்தையில மரக்கறி விக்கிறான்" என்று இன்னொருவர். போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவேன். சட்டப்படி பிழை, தெரியும். கொஞ்ச நாளில் வெளிநாட்டுக் கடிதங்களின் உறையிலேயே "மேற்பார்வை: புளியடிக்கடை, ஸ்கந்தபுரம்" என்று எழுதி வரத் தொடங்கிவிட்டது.

நீயும் அங்கே வருவாய். உன் பள்ளிக்கூடமும் ஒரு மரத்தின் கீழ்தான். விட்டதும் ஓடிவந்து என் தபால்பைமேல் உட்கார்ந்து இரண்டு இடியப்பம். சம்பலில் இருக்கும் வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்கின் ஓரத்தில் அடுக்கி வைப்பாய். அக்கா அதைத் தட்டிவிட்டுத் துடைப்பா, ஒருநாளும் ஏசியதில்லை.

2002 சித்திரையில் கண்டி வீதி திறந்தது. நாங்களும் கிளிநொச்சிக்குத் திரும்பினோம், கடையும் திரும்பியது. ஆனால் பழைய மரம் இல்லை. அதன் அடிக்குற்றியைச் சுற்றித்தான் கொட்டில் போட்டார். அந்த நாலு வருஷம் இந்த நகரத்துக்கு வந்த பொலிவு! பேக்கரிக்கு வெதுப்பகம், ஐஸ்கிரீமுக்குக் குளிர்களி என்று எல்லாம் தமிழில். பாண்டியன் சுவையூற்றுக்கு உன்னைக் கூட்டிப்போனேன், உனக்குப் பன்னிரண்டு வயது. பாதி குளிர்களியைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அம்மாவுக்குக் கட்டித்தரச் சொல்லி அடம்பிடித்தாய். உருகிவிடும் என்றேன், நம்பவில்லை. சைக்கிள் கரியரில் இருந்து பையைப் பிடித்துக்கொண்டு வந்தாய், வீட்டு வாசலில் உன் சட்டையெல்லாம் பால். அம்மா அந்தப் பையில் மிஞ்சியதை ஒரு கிளாசில் ஊற்றிக் குடித்தா. நல்லாயிருக்கு என்றுதான் சொன்னா.

குளிர்களி வந்ததில் முதலாளிக்குக் கொஞ்சம் பொறாமை. ஆனால் யாழ்ப்பாணம் போகிற சனத்தால் அவருக்கும் நல்ல வியாபாரம். கொத்துரொட்டித் தட்டு ஒன்று வாங்கினார், இரவு பத்து மணிவரை அந்தத் தகரச் சத்தம் எங்கள் வளவுக்குக் கேட்கும். 2006 ஆவணியில் பாதை பூட்டப்பட்டதோடு அந்தச் சத்தம் நின்றது.

2008 கடைசியில் வெளிக்கிட்டதைப் பற்றி உனக்கு நான் எழுதத் தேவையில்லை, நீ கூடவே வந்தாய். விசுவமடுவில் ஒரு தறப்பாளின் கீழ் கடை போட்டார், தேவிபுரத்தில் இன்னொன்று. மரமே இல்லாத இடத்திலும் புளியடிக்கடை. முதலாளி மாத்தளன் வரைக்கும் வந்தார். செட்டிகுளம் முகாமுக்கு வந்தது அக்கா மட்டும். கொப்பியும் கேத்திலும் எங்கே விடுபட்டன என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வைகாசியும் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கிறார்கள், நானும் சிரட்டையில் வாங்கிக் குடிக்கிறேன். அதை இந்தக் கடிதத்தின் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். புளியமரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு போன் கடை. பேரனுக்கு அதைக் காட்டி என்ன சொல்வாய்? ஊரில் சாப்பாட்டுக்கடைக்குக் குறைவில்லை, ஆனால் எங்கே போனாலும் பிரைட் றைசும் கொத்தும்தான். கொழும்பிலிருந்து வருகிறபோது வவுனியாவில் இறங்குங்கள். அங்கே அம்மாச்சி உணவகம் இருக்கிறது, மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாடு. பெண்கள்தான் சமைத்து விற்கிறார்கள், நம்மூர்த் தானியத்துச் சாப்பாடு, கண்முன்னாலேயே சுட்டுத் தருவார்கள். அவனுக்குக் குரக்கன் புட்டு வாங்கிக் கொடு. பிறகு முறிகண்டியில் வான் எப்படியும் நிற்கும், பிள்ளையாருக்குச் சில்லறை போட்டுத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் எந்தச் சாரதியும் அதைத் தாண்டமாட்டான். உனக்கு நினைவிருக்கும் இடங்களில் இருந்த இடத்திலேயே இருப்பது அது ஒன்றுதான். வறுத்த கச்சானாகப் பார்த்து வாங்கு, அவித்தது அவனுக்குப் பிடிக்காது.

இன்னொன்று. போன கிழமை வட்டக்கச்சிக்குப் போனேன். அக்கா மகளோடு அங்கே இருக்கிறா. விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறா. நீ வருவதைச் சொன்னேன். கையைச் சேலையில் துடைத்தபடி, "அது இப்பவும் வெங்காயம் பொறுக்குமோ?" என்று கேட்டா. தெரியாது என்றேன். என் பழைய கொப்பிக் கணக்கில் ஒரு தொகை இருந்தது, மனதால் கூட்டிக் கொஞ்சம் அதிகமாகவே கொண்டுபோனேன். வாங்கவில்லை. பிள்ளை வந்து சாப்பிட்டுவிட்டுத் தரட்டும் என்றுவிட்டா.

அதனால் திகதி உறுதியானதும் சொல்லு. இரண்டு நாள் முந்தி அறிவிக்கச் சொல்லியிருக்கிறா, அரிசி ஊறப்போட்டு இடிக்கவேண்டுமாம். கடை மா வேண்டாமாம் உனக்கு.

அன்புடன்,
அப்பா