மகளுக்கும் உனக்கும் ஹார்ன் ஆசிரியர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் நலம். பணி ஓய்வு பெற்ற பிறகு காலை நேரம் என் கைக்கு வந்துவிட்டதால் என் பித்தளை ஊதுகருவியான பிரெஞ்சு ஹார்னில் பயிற்சி விடாமல் நடக்கிறது.

மகள் பள்ளி வாத்தியக் குழுவில் பிரெஞ்சு ஹார்ன் எடுத்திருக்கிறாள், நீயும் கல்லூரியோடு விட்டதை மறுபடி தொடப் போகிறாய்! எனக்கு எத்தனை மகிழ்ச்சி தெரியுமா? இருவருக்கும் ஒரே ஆசிரியர் போதுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்றே சொல்வேன். அவளுக்கு உதட்டுப் பழக்கம் இனிமேல்தான் உருவாக வேண்டும். உனக்கோ என்றோ படிந்துபோன பழக்கத்தைச் சீர்செய்ய வேண்டும். இரண்டையும் ஒருவரே நன்றாகச் செய்வது அபூர்வம்.

பள்ளியில் டிரம்பெட் ஆசிரியரே ஹார்னும் சொல்லித்தருகிறார் என்றாயே, மூச்சுக்கும் தாளத்துக்கும் அது போதும். ஆனால் ஹார்னில் வால்வுகளை, அதாவது ஸ்வரத்தை மாற்ற விரலால் அழுத்தும் கட்டைகளை, அழுத்துவது இடது கை. வலது கை கருவியின் அகன்ற வாய்க்குள் இருக்கும். அந்தக் கை கொஞ்சம் மூடினாலே சுருதியும் நாதமும் மாறிவிடும். வால்வே இல்லாத காலத்தில் அந்தக் கையை வைத்துத்தான் இடைப்பட்ட ஸ்வரங்களை வரவழைத்தார்கள். மோட்சார்ட் தன் நண்பர் லாய்ட்கெப்புக்காக எழுதிய ஹார்ன் கான்செர்ட்டோக்கள், அதாவது ஹார்னை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்புகள், அப்படி வாசிக்கப்பட்டவைதான். இதை ஹார்ன் வாசிப்பவரால்தான் கையைப் பிடித்துக் காட்ட முடியும்.

மேல் ஸ்வரங்கள் உடைகின்றன என்று அவள் அழுவதாக எழுதியிருந்தாய். அது அவள் குற்றம் இல்லை என்று சொல். எஃப் (F) சுருதியில் அமைந்த ஹார்னின் குழாய் நீளம் சுமார் 12 அடி. மேலே போகப் போக ஸ்வரங்கள் குறுகிய படிகளைப் போல நெருங்கிவிடும். விரலை மாற்றாமலே உதடு பக்கத்துப் படியில் கால் வைத்துவிடும். தேர்ந்த கலைஞர்களுக்கும் மேடையில் இது நேர்கிறது.

ஆசிரியரைத் தேட, அருகில் உள்ள ஆர்கெஸ்ட்ராவின் ஹார்ன் கலைஞர்களையும் இசைக் கல்லூரியையும் முதலில் கேள். மகளுக்குக் கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவரே போதும். வாரம் ஒருமுறை, அரை மணி நேரம். உனக்கு அனுபவசாலி வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் போனாலும் பலன் உண்டு.

பணம் மொத்தமாகக் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை வகுப்பு கேள். அதில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அவர் பேசுவதற்கு முன் நாம் வாசிப்பதைக் கவனித்துக் கேட்கிறாரா? எனக்கு வாய்த்த ஆசிரியர் முதல் நாள் உதட்டில் வைத்து ஊதும் முனையான வெறும் மவுத்பீஸை மட்டும் கையில் கொடுத்து ஊதச் சொன்னார். பக்கவாட்டில் வந்து நின்று, மேலுதட்டில் எவ்வளவு, கீழுதட்டில் எவ்வளவு பதிகிறது என்று குனிந்து பார்த்தார். பலர் மேலுதட்டில் மூன்றில் இரண்டு பங்கு வைப்பார்கள்; என் பற்களின் அமைப்பைப் பார்த்துவிட்டு எனக்கு அதில் சற்றே மாற்றினார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் விட்டுவிடாதே. எல்லோருக்கும் ஒரே பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்துபவரிடம் மகளை அனுப்பாதே.

பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் இணைய வழி வகுப்பும் நல்லதுதான். சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி தாமதமாகும். சத்தத்தை வடிகட்டும் வசதியை நிறுத்திவை. இல்லையென்றால் மெல்லிய ஸ்வரங்களை அது விழுங்கிவிடும். உதடும் வலது கையும் தெரியும்படி கேமராவைப் பக்கவாட்டில் வை.

உன் பழைய ஹார்னை எடுக்கும்போது வால்வு இறுகியிருந்தால் பலம் கொடுத்துத் திருகாதே. பழுதுபார்ப்பவரிடம் கொடு. முதல் வகுப்பு முடிந்ததும் இருவரும் தனித்தனியாக எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ராமநாதன்