கொசு முட்டையைக் கொடுத்தவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

மஞ்சள் காய்ச்சல் (மஞ்சள் காமாலை வேறு, இது வேறு) கொசுவால் பரவுகிறது என்று கண்டுபிடித்தவர் யார் என்றால் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் பெயரைத்தான் சொல்கிறோம். கியூபாவின் மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே அதை 1881லேயே சொல்லிவிட்டார். ஏறக்குறைய இருபது வருடம் யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. அப்புறம் 1900ல் ரீட் குழு ஹவானாவுக்கு வந்து சோதனை தொடங்கியபோது, தான் பாதுகாத்து வைத்திருந்த கொசு முட்டைகளை எந்த மனக்கசப்பும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்தக் குழுவில் இருந்த ஜெஸ்ஸி லசியர் அதே ஆண்டு செப்டம்பரில் இந்தக் காய்ச்சலிலேயே இறந்தார். மறு ஆண்டு, சோதனைக்காகக் கொசுக்கடியை ஏற்ற செவிலியர் கிளாரா மாஸ், வயது 25, அவரும் போய்விட்டார். இவர்கள் பெயர் நம் பாடப்புத்தகங்களில் வர வேண்டும்.

தடுப்பூசி வந்தது 1937ல்தான். ஆனால் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்காஸ் அதற்கு வெகு முன்பே, 1901லேயே, தண்ணீர்த் தொட்டிகளை மூட வைத்தும், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றியும், வீடுகளில் புகை போட்டும் ஹவானாவை இந்த நோயிலிருந்து மீட்டார். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுதான் டெங்குவையும் பரப்புகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்