பெயரைக் கேட்டதும் முடிந்துபோகும் வீடுகள்: சேலத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாநகரில் வீடு வாடகைக்கு விடும் அன்பர்களுக்கும், அந்த வீடுகளுக்கு ஆள் கொண்டுவரும் தரகர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்கள் கூட்டத்து ஆள்தான். செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். குகைப் பகுதியில் அப்பா கட்டிய வீடு. கீழே நாங்கள், மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு. மூன்று மாத பாக்கியோடு ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துகொண்டு போன குடும்பத்தை நானும் பார்த்திருக்கிறேன். மோட்டார் யார் போடுவது, யார் நிறுத்துவது என்ற பஞ்சாயத்துக்கு இன்றைக்கும் நடுவர் நான்தான். அதனால், வீட்டுக்காரன் படும் பாடு தெரியாமல் எவனோ எழுதுகிறான் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மதம், சாதி, ஊர் பார்த்து நாம் வீடு மறுக்கிறோமே, இதைக் கலெக்டருக்கு மனுவாக எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். தெரிந்த வக்கீலிடம் கேட்டபோது அவர் சிரித்தார். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, பிறந்த ஊர் பார்த்து யாரையும் கடையிலோ ஓட்டலிலோ கிணற்றடியிலோ தடுக்கக் கூடாது என்கிறது. தனியார் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது, அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையை அளவாக வைக்கிறது. ஒருவருக்கு வீட்டை ஏன் மறுத்தாய் என்று கேட்பதில்லை. தீண்டாமை காரணமாக ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்க விடாமல் தடுப்பது மட்டும் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆனால் வாயைத் திறந்து காரணம் சொன்னால்தானே வழக்கு? நாம்தான் சொல்வதே இல்லையே. "வீடு நேத்தே முடிஞ்சிருச்சுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுகிறோம். அதனால்தான் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

என் பட்டறையில் கணக்கு எழுதுகிற தம்பி இங்கே கோட்டைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். பி.காம். படித்தவன், முஸ்லிம். கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனத்துக்கு வீடு தேடிக்கொண்டிருந்தான். அழகாபுரம் பக்கம் ஒரு கேட்டில் போர்டு தொங்குவதை நான்தான் பார்த்துச் சொன்னேன். பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி மார்க்கரில் எழுதியிருந்தார்கள். மழையில் கடைசி எண் கரைந்துபோய், அதன் மேல் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது. தம்பி பட்டறையிலிருந்தே, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். எதிர்முனையில் அம்மா ஒருவர். நல்ல குரல். இரண்டு பெட்ரூம், கார்ப்பரேஷன் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள், போர் தண்ணி எப்பவும் உண்டு, வண்டி உள்ளேயே நிறுத்திக்கலாம், குழந்தை இருந்தாலும் பரவாயில்லை என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "சாயங்காலம் வந்து பாருங்க தம்பி. பேரென்னங்க?" தம்பி பேரைச் சொன்னான். ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமில்லை. அப்புறம், "அட, மறந்தே போச்சுங்க, எங்க வீட்டுக்காரர் நேத்தே ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டாருங்க" என்றார்.

சாயங்காலம் நான் என் போனிலிருந்து அதே எண்ணுக்குப் பேசினேன். வீடு இருந்தது. எப்போது வந்து பார்க்கிறீர்கள் என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. தம்பிக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இது வழக்கம்தாண்ணா. நான் எப்பவும் பேரை முதல்லயே சொல்லிருவேன். போய் அலையற பெட்ரோலாவது மிச்சம். இன்னிக்கு அவங்க பேசினது நல்லா இருந்துச்சு, அதுல மறந்துட்டேன்" என்றான். அந்த அம்மாவும் கெட்டவர் இல்லை என்றே நினைக்கிறேன். மறுத்ததற்கே கூச்சப்பட்டிருப்பார். அந்தக் கூச்சம் தம்பிக்கு எந்த வீட்டையும் திறந்துவிடவில்லை.

இப்படி ஒவ்வொரு தெருவாகக் கதவைச் சாத்திவிட்டு, "அவங்க எல்லாம் ஒரே இடத்துல போய்க் கூடிக்கிறாங்க" என்றும் பேசுகிறோம். முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு, 2006இல் வெளியான அறிக்கையில் இதை நாடு முழுக்கப் பார்த்துச் சொன்னது: முஸ்லிம்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில் சிரமம், அதனால் அவர்கள் ஒதுங்கி வாழ வேண்டிய நிலை.

மேடையில் நாம் வேறு மாதிரி. கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா வந்தால் ஊரே விடுமுறையில் இருக்கும். மாரியம்மன் கோயில், அழகிரிநாதர் கோயில், ஜாமியா மசூதி மூன்றையும் கோட்டையைச் சுற்றி நடந்தே பார்த்துவிடலாம். அன்றைக்குப் பந்தலில் நீர்மோர் ஊற்றுகிற பாயைப் படம் எடுத்து, "இதுதான் எங்க சேலம்" என்று வாட்ஸ்அப்பில் போடாத ஆள் கிடையாது. நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பாயின் மகனுக்கு வீடு வேண்டும் என்றால், படத்தை ஃபார்வர்டு செய்தவர்களில் எத்தனை பேர் சாவி கொடுப்பார்கள்? நீதிக்கட்சி 1944இல் இந்த ஊரில் கூடித்தான் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தப் பெருமையை மணிக்கணக்கில் பேசும் ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய வீட்டுக்கு ஆள் அனுப்பும் தரகருக்கு அவர் போட்டிருக்கும் நிபந்தனைகளை இங்கே எழுத எனக்கே கூசுகிறது.

சரி, மதத்தோடு முடிகிறதா என்றால் இல்லை. கொலுசுத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஜோடி கொலுசு ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. கம்பி இழுப்பது ஓரிடம், சங்கிலி பின்னுவது ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், சலங்கை கோப்பது இன்னொரு வீட்டுத் திண்ணை, மெருகு போடுவது வேறெங்கோ. வெள்ளி எடை போட்டுக் கைமாறிக்கொண்டே இருக்கும். பல நேரம் துண்டுச் சீட்டில் கிராம் கணக்கு மட்டும்தான். என்னிடம் வேலை செய்கிற வங்காளத்துப் பையன்கள் இருவர் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ வெள்ளியைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் முழுக்கப் போய்வருகிறார்கள். வெள்ளி விற்கிற விலைக்கு ஒரு கிலோ என்றால் என்ன பணம் என்று உங்களுக்குத் தெரியும். பட்டறைக்காரர்கள் யாரும் அதற்காகத் தூக்கம் கெட்டுக் கிடப்பதில்லை. அந்தப் பையன்களில் ஒருத்தன் ஊரிலிருந்து பெண்டாட்டியை அழைத்துவர வேண்டும், ஒரு ரூமும் சமையலறையும் இருந்தால் போதும் என்று கேட்டான். தெருவில் ஒருத்தரும் கொடுக்கவில்லை. "வடக்கன நம்ப முடியாதுங்க." சொன்னவரும் பட்டறைக்காரர். அவர் வெள்ளியும் இந்தப் பையன் கையில்தான் போய்வருகிறது.

அதற்காக இவர்களை நம் ஆட்கள் அடியோடு தள்ளிவிடுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. காசு வருகிற வழி இருந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். தகரக் கொட்டகையில், தலைக்கு இவ்வளவு என்று. பத்துப் பேர் படுக்கிற அறையிலிருந்து வருகிற பணத்தைக் கூட்டிப் பார்த்தால், ஒரு நல்ல போர்ஷனின் வாடகையை விட அதிகம். கக்கூஸ் ஒன்று. அதையும் கழுவிவிட யாரும் வருவதில்லை. பிறகு, "இவனுங்க சுத்தமே இல்லைங்க" என்று ஒரு பேச்சு.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறெங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டியவை அவை. காவல்துறை பொய் என்று அறிவித்து வழக்குப் போட்டது, பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரம் எங்கள் பையன்கள் இருட்டிய பிறகு டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. பொய்தான், இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இல்ல சேட், இங்க யாரும் எங்களோட பேசறதில்லையே, எப்படித் தெரியும்?" என்று ஒருவன் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அந்த வீடியோவை அவன் நம்பியிருக்க மாட்டான்.

வடகிழக்கிலிருந்து வந்து பியூட்டி பார்லர்களில் வேலை செய்கிற பெண்களின் நிலை இன்னொரு மாதிரி. 2020இல் கொரோனா தொடங்கிய சமயம் நாடெங்கும் அவர்களைப் பார்த்து "கொரோனா" என்று கத்தினார்கள். உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, இதைத் தடுக்கச் சொல்ல வேண்டி வந்தது. நோய் போய்விட்டது. கண் சின்னதாக இருந்தால் சைனாக்காரி என்கிற பேச்சு போகவில்லை. ஐந்து ரோடு பக்கம் ஒரு வீட்டுக்காரர், "அதுங்க சமைச்சா ஒரு மாதிரி வாடைங்க" என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். கருவாட்டுக் குழம்பு கொதித்தால் நாலு வீட்டுக்கு மணக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு வாடையைப் பற்றிப் பேசுகிறோம்!

கறி விஷயத்தையும் பேசிவிடுவோம், ஏனென்றால் தரகர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். உங்கள் வீட்டில் நிஜமாகவே அசைவம் ஆகாது, மாடியிலும் சமைக்கக் கூடாது என்றால் அது உங்கள் இஷ்டம். எனக்கு அதில் சண்டை இல்லை. எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள். என் கணக்குத் தம்பி ஓரிடத்தில், "வீட்ல கறி சமைக்க மாட்டோங்க, எழுதியே கொடுக்கறேன்" என்றும் சொல்லிப் பார்த்தான். அப்போதும் வீடு கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் பார்த்தேன். அரைக் கிலோ தொடைக்கறி, கொஞ்சம் ஈரல்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க, மத்த குடித்தனக்காரங்கதான் சண்டைக்கு வருவாங்க" என்பது இன்னொரு பதில். வாடகையை வருடா வருடம் ஏற்றும்போது மற்ற குடித்தனக்காரர்களைக் கேட்டா ஏற்றுகிறோம்?

சாதி பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? அப்பா என்ன பண்ணினாரு? குலதெய்வம் எதுங்க?" நாலு கேள்வி போதும் நமக்கு, ஆள் யாரென்று முடிவு கட்டிவிடுவோம். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 1997இல் சமத்துவபுரம் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஒரு குடியிருப்புக்கு நூறு வீடு: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. மனிதர்களைப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் உட்காரவைக்க ஒரு அரசாங்கம் கணக்குப் போட்டு, இடம் வாங்கி, வீடு கட்டித்தர வேண்டியிருந்தது. நமக்கு ஒரு ரூபாய் செலவில்லை. கேள்வியை விட்டால் போதும்.

எங்கள் குடும்பத்துக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1991 டிசம்பரில் காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழர்களை அடித்து விரட்டினார்களே, அப்போது என் சித்தப்பா குடும்பம் ஓசூர், தர்மபுரி வழியாகப் பஸ் மாறி மாறிச் சேலம் வந்து சேர்ந்தது. சித்திக்குக் காலில் செருப்பில்லை. பொங்கல் முடிந்து சித்தப்பா மட்டும் திரும்பிப் போய் வீடு தேடினார். போன இடத்தில் எல்லாம் தாய்மொழி என்ன என்று கேட்டுவிட்டு, வீடு முடிந்துவிட்டது என்றார்களாம். அவர் சாகிற வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவர் மகன் இன்றைக்குச் சூரமங்கலத்தில் இரண்டு வீடு வாடகைக்கு விடுகிறான். "இந்திக்காரனுக்கு மட்டும் வீடு கொடுத்துராதே, அப்புறம் காலி பண்ண வைக்க முடியாது" என்று எனக்குப் புத்தி சொல்கிறவனும் அவன்தான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வாடகை கொடுப்பாரா என்று பாருங்கள். வேலை செய்கிற இடத்தில் விசாரியுங்கள், ஆதார் நகல் வாங்குங்கள், ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள், முன்பிருந்த வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். இதெல்லாம் உங்கள் உரிமை, நானும் ஒன்றுவிடாமல் செய்கிறேன். என் மூன்று மாத பாக்கியை ஏமாற்றிப் போனவர் யாரென்று சொன்னால் சிரிப்பீர்கள்: எங்கள் சாதிக்காரர், தூரத்துச் சொந்தம், அதனாலேயே ஒன்றும் விசாரிக்காமல் சாவியைக் கொடுத்தேன்.

தரகர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள்தான் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழக்கிவிட்டீர்கள் என்று நான் குற்றம் சொல்லவில்லை. நாங்கள் கேட்பதால் நீங்கள் கேட்கிறீர்கள். ஆனாலும் உங்கள் நோட்டில் வீட்டுக்காரர் பெயருக்குப் பக்கத்தில் "நம்மாளுங்க மட்டும்" என்று எழுதிவைக்கிறீர்களே, அந்த வரியை அடுத்த நோட்டு வாங்கும்போது விட்டுவிடுங்கள். ஒரு வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் கமிஷன் உங்களுக்கும்தான் வராது.

தை மாதம் என் மாடிப் போர்ஷன் ஒன்று காலியாகிறது. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிழக்குப் பார்த்த சமையலறை. மூன்று மாத வாடகை அட்வான்ஸ். ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது, மொட்டை மாடியில் வடகம் காய்கிற நாளில் துணி உதறக் கூடாது, இரண்டும் என் வீட்டம்மாவின் கண்டிப்பான விதி. யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள். வேலை என்ன, குடும்பத்தில் எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டிச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
குகையிலிருந்து ஒரு வீட்டுக்காரன்