நூறு சதவீதத்துக்குள் வராத பிள்ளை: ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நாலு கடை தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள் எழுதுகிறேன். என் பிள்ளைகள் இருவரும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். நடுவில் இரண்டு வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருந்தேன். ஏப்ரல், மே வந்தால் ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். "அக்கா, இந்த ஸ்கூல் எப்படி, நம்பிச் சேர்க்கலாமா?" என்று நின்றபடியே கேட்பார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நல்ல பள்ளியா, இல்லையா என்று ஒரு வார்த்தையில் என்னால் சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

முதலில் அந்த ஃப்ளெக்ஸ். மே மாதம் பேருந்து நிலையத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் "பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி" என்று பிள்ளைகள் படத்தோடு தொங்கும். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் சொல்லும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்திவிட்டது. அது நல்லதுதான். ஆனால் அப்புறம் எல்லார் கண்ணும் இந்தச் சதவீதத்தின் மேல் வந்துவிட்டது. அந்தச் சதவீதம் பொய் இல்லை. பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதைத்தான் அது சொல்லும். பரீட்சை வரைக்கும் வராமலே போன பிள்ளை அதில் கிடையாது.

இது எனக்கு என் அளவு நோட்டில்தான் புரிந்தது. எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே சீருடை கொடுத்துவிடும். அதைப் பிடித்தும் பிரித்தும் கொடுப்பதுதான் ஜூன், ஜூலையில் என் வேலை. ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் துணி எடுத்துத் தைக்க வேண்டும். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பதினாறு பேருக்கு பேண்ட் தைத்தேன். அந்த வயதில் பையன்கள் ஒரே வருடத்தில் வளர்ந்துவிடுவார்கள் என்பதால் எப்போதும் அடியில் மூன்று விரல் மடிப்பு விட்டுத்தான் தைப்பேன். அடுத்த ஜூனில் அந்த மடிப்பைப் பிரித்துவிட வந்தவர்கள் பதினொரு பேர். ஒன்றிரண்டு பேர் வேறு கடைக்குப் போயிருக்கலாம், வீட்டிலேயே பிரித்திருக்கலாம். ஆனால் ஒருவனை நானே லாரி ஷெட்டில் பார்த்தேன். என்னப்பா ஸ்கூலுக்குப் போகலையா என்றால், "அம்மாவைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கச் சொன்னாங்க அக்கா. பத்தாவதை பிரைவேட்டா எழுதிக்கலாம்னாங்க" என்றான். அந்த வருடம் அவன் படித்த பள்ளி நூற்றுக்கு நூறு.

எந்தப் பள்ளி என்று எழுதப் போவதில்லை. இது அரசுப் பள்ளியில் மட்டும் நடப்பதும் இல்லை. கட்டணம் வாங்கும் பள்ளிகள் இதை இன்னும் நாசூக்காகச் செய்யும். எட்டு வரை நம் மாநிலத்தில் யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. அதனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் ஒன்பதுக்கு வந்துவிடும். பத்தாவது ரிசல்ட் குறைந்தால் மேலதிகாரிகள் கூட்டம் போட்டு, தலைமையாசிரியரை எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார்கள். ஒன்பதிலிருந்து எத்தனை பிள்ளை காணாமல் போனது என்று அதே வேகத்தில் கேட்க ஆள் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட ஹெச்.எம். என்ன செய்வார்? எனக்கு அவர்கள்மேல் கோபம் உண்டு, ஆனால் பாதிதான்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், இந்த வருடம் பத்தாம் வகுப்பில் எத்தனை பேர்? ஒன்பதில் 80 பேர் இருந்து, பத்தில் 78 பேர் எழுதி, 68 பேர் பாஸான பள்ளி ஃப்ளெக்ஸ் வைக்காது. 80 பேரை 60 ஆக்கி அறுபது பேரும் பாஸான பள்ளிதான் வைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் பள்ளியில் எட்டுப் பிள்ளைகள் கூடுதலாகவே கரையேறியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளை எப்போதும் முதல் வரிசையில்தான் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் எந்தப் பள்ளியானாலும் சரி. என் பையன் அப்படி இல்லை. கணக்கில் முப்பத்தைந்தைத் தொடவே மூச்சு வாங்குவான். அவனை வைத்துத்தான் நான் பள்ளியைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு பெயர் உண்டு: மெல்லக் கற்போர். சில இடங்களில் காலாண்டுப் பரீட்சை முடிந்ததுமே இவர்களைத் தனியாக உட்காரவைத்து, "மினிமம் மெட்டீரியல்" என்று நாற்பது பக்க ஜெராக்ஸைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை உருப்போட்டால் பாஸ். பத்தாம் வகுப்பில், அதுவும் டிசம்பருக்கு மேல், அதைக் குறை சொல்ல மாட்டேன். முழுகப் போகிற பிள்ளைக்குக் கயிறு கிடைத்தால் போதும். எட்டாம் வகுப்பிலேயே அதைக் கொடுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் வாசிப்பிலும் அடிப்படைக் கணக்கிலும் பின்தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு என்றே 2025இல் "திறன்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். உங்கள் பள்ளியில் அந்த வகுப்பு தினமும் நடக்கிறதா, யார் எடுக்கிறார், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் நடக்கிறது. "அதெல்லாம் நடக்குதும்மா" என்று வந்தால் ஒரு பிள்ளையைக் கேளுங்கள்.

பிள்ளைகளைக் கேட்பது பற்றி இன்னொன்று. எதிர்வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ அந்தப் பள்ளியில் ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதனுடைய கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையில் டிக் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை, டிக் எல்லாரும் போடுவார்கள். ஒரு தப்பையாவது சுழித்து, பக்கத்தில் சரியாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்களா? பிள்ளை அதைத் திரும்பச் செய்திருக்கிறதா? தேதி போட்டிருந்தால் இன்னும் நல்லது. என் மகளின் ஏழாம் வகுப்பு நோட்டில் ஒரு கணக்கு டீச்சர், "நேற்றும் இதே இடத்தில் சறுக்கினாய்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்தது ஆசிரியர் பணியிடம். ஆசிரியர் சரியில்லை என்பதைவிட ஆசிரியரே இல்லை என்பதுதான் அரசுப் பள்ளியில் பெரிய தொல்லை. மாறுதல் கலந்தாய்வில் ஒருவர் சொந்த ஊருக்குப் போய்விடுவார், அந்த நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். என் மகள் பிளஸ் டூ படித்தபோது வேதியியல் ஆசிரியர் ஜூனில் போனார். அடுத்தவர் வந்தது நவம்பரில். இடையில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் போட்டு ஒரு பெண்ணைத் தற்காலிகமாக வைத்தோம். சம்பளம் சொன்னால் வெட்கக்கேடு, ஆனாலும் அந்தப் பெண் நன்றாகவே நடத்தினாள். அதனால் மொத்தம் எத்தனை ஆசிரியர் என்று கேட்டுப் பயனில்லை. கணக்குக்கு யார், அறிவியலுக்கு யார், ஆங்கிலத்துக்கு யார், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், பி.டி.ஏ. ஆசிரியர் எத்தனை பேர் என்று பாடம் பாடமாகக் கேளுங்கள். "கணக்குக்கு ஆள் இல்லை, எழுதிப் போட்டிருக்கோம், அதுவரைக்கும் இப்படிச் சமாளிக்கிறோம்" என்று ஒரு ஹெச்.எம். ஒளிக்காமல் சொன்னால், எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது என்று சிரிப்பவரைவிட நான் அவரை நம்புவேன்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கழிப்பறையைக் கேட்காமல் வராதீர்கள். கட்டடம் எல்லா இடத்திலும் இருக்கும். இடைவேளையில் திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிறதா? பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வந்தால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

ஸ்மார்ட் வகுப்பறை, ஹைடெக் லேப் என்று காட்டுவார்கள். பாருங்கள், நல்லதுதான். அதற்காக ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பெயர்ப் பலகையில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். நடுநிலை என்றால் எட்டு வரை, உயர்நிலை என்றால் பத்து வரை, மேல்நிலை என்றால்தான் பன்னிரண்டு வரை. மேல்நிலையிலும் எல்லா குரூப்பும் இருக்காது. பிள்ளை ஆறாவது சேரும்போது பிளஸ் ஒன் குரூப்பைக் கேட்டால் சிரிப்பார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். அதைவிட முக்கியம், பள்ளி அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா என்பது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மருத்துவப் படிப்பில் 2020இல் சட்டம் போட்டு, அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று நீட்டித்தார்களே, அந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் கணக்கில் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் உண்டு. "ஆறு மட்டும் பிரைவேட்ல படிக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்று சம்பளம் கட்டிச் சேர்த்துவிட்டு, பிளஸ் டூ முடிந்த பிறகு என் கடையில் உட்கார்ந்து அழுத ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். என் மகள் இந்த ஒதுக்கீட்டில்தான் பொறியியல் படிக்கிறாள். கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இல்லையென்றால் என் மெஷின் ஓட்டும் காசில் நடந்திருக்காது.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று கேட்பீர்கள். சேர்க்கை அன்று ஆங்கில வழி வரிசைதான் நீளமாக இருக்கும். பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே ஆசிரியர். விளக்குவது தமிழில், எழுதச் சொல்வது ஆங்கிலத்தில். சில பிள்ளைகள் அதையும் சமாளித்துவிடும். ஆனால் ஐந்து வரை தமிழில் படித்த பிள்ளையை மாற்றும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: தமிழ்நாடு அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பதினொரு வயதில் யார் இதை யோசிப்பார்கள்? ஆனால் நீங்கள் ஆறாம் வகுப்பில் மாற்றிவிட்டால் அது போனது போனதுதான்.

மேலாண்மைக் குழுவைப் பற்றி நாலு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். காகிதத்தில் நமக்கு நிறைய அதிகாரம் உண்டு. நான் போன முதல் மூன்று கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். நாலாவது கூட்டத்தில்தான் ஒன்பதிலிருந்து பத்துக்கு வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் மூன்று வீடுகளுக்கு ஆசிரியர்களோடு நானும் போனேன். ஒரு பையன் திரும்பி வந்தான். மற்ற இரண்டு பேர் வரவில்லை.

இதையெல்லாம் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் யுடைஸ் எண் என்று பதினோரு இலக்க எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து எந்த வகுப்பில் எத்தனை பிள்ளை, எத்தனை ஆசிரியர், எத்தனை கழிப்பறை என்பதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளி கொடுக்கும் விவரம்தான் அது, அப்படியே வேதவாக்கு இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளும் எண்ணிக்கையில் கலந்திருப்பார்கள். ஆனாலும் ஒரு வருடத்தின் ஒன்பதையும் அடுத்த வருடத்தின் பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். எண்ணைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள், என் போனிலேயே எடுத்துக் காட்டுகிறேன். சீருடைத் துணியையும் கையோடு கொண்டுவந்தால் அளவும் எடுத்துவிடலாம், ஜூனில் ரொம்பக் கூட்டமாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத் தெருத் தையல்காரி