பொது வாய்மொழித் தேர்வுக்குப் பொதுமக்களையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று தினமும் ஒரு பகுதி வருகிறது. கோயில் சொற்பொழிவு, பட்டிமன்றம், நூல் வெளியீடு, ரத்ததான முகாம் எல்லாம் அதில் இருக்கும். அதில் இன்னும் ஒரு வரிக்கு இடம் கேட்டுத்தான் இந்தக் கடிதம். முனைவர் பட்டத்துக்கு (பிஎச்.டி.) ஆய்வேடு எழுதியவர் அதை அவை முன் விளக்கிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொது வாய்மொழித் தேர்வு இன்றைக்கு எந்தத் துறையில், எத்தனை மணிக்கு, எந்தத் தலைப்பில் நடக்கிறது என்ற அறிவிப்பு. அவ்வளவுதான், ஆனால் ஏன் கேட்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் நாகமலை புதுக்கோட்டையில் டி.டி.பி., பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காமராசர் பல்கலைக்கழகம் தேனி ரோட்டில் பக்கத்திலேயே இருப்பதால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஆய்வு மாணவர்கள், மீதியில் பலர் கல்லூரி ஆசிரியர்கள். அவர்கள் கொண்டுவருவதைத் தட்டச்சு செய்கிறோம், பக்கம் ஒழுங்கு செய்கிறோம், பிழை பார்க்கிறோம், கடைசியில் ரெக்சின் அட்டை போட்டு முதுகில் தங்க எழுத்து அடித்துக் கொடுக்கிறோம். வருடக்கணக்காக இதைச் செய்வதால், இந்த ஊரில் என்னென்ன ஆராய்ச்சி நடக்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். என் தெருவில் இருக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அதுதான் என் வருத்தம்.

ஒரே நாளில் என் மேஜைக்கு வருவதைச் சொல்கிறேன். வேதியியல் மாணவி ஒருவர் நானோ துகள்களின் மைக்ரோஸ்கோப் படங்களை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் ஒன்றும் தெரியாது, கலரில்தான் வேண்டும் என்று நிற்பார். அவருக்குப் பின்னால் உடற்கல்வி மாணவர், கபடி வீரர்களுக்குக் குதிப்புப் பயிற்சி கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்த அட்டவணைகளோடு. வணிகவியலில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடன், ஆங்கிலத் துறையில் ஆப்பிரிக்க நாவல்கள் (எழுதியவர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், அவர் வீட்டில் முதல் பட்டதாரி), விலங்கியலில் கண்மாய் மீன்கள். தமிழ்த் துறையிலிருந்து வருபவற்றில் எனக்குப் பிடித்த பகுதி கடைசியில் இருக்கும் தகவலாளர் பட்டியல். பெயர், வயது, ஊர், தொழில் என்று வரிசையாக இருக்கும். ஒப்பாரி பாடிக் காட்டிய பாட்டிக்குத் தொழில் என்ற இடத்தில் 'விவசாயக் கூலி' என்று இருக்கும், கரகாட்டக் கலைஞரின் ஊர், மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற பெரியவரின் வயது எல்லாம் இருக்கும். தமிழ்நாட்டில் வேறு எந்த ஆவணத்திலும் இவர்கள் பெயர் இப்படி மரியாதையாக அச்சாகியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

"பிஎச்.டி. எல்லாம் வெட்டி ஒட்டுகிற வேலைதானே" என்று டீக்கடையில் சொல்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவையும் வருகின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலு புத்தகத்தை எடுத்துவைத்து வரிகளை மாற்றிப் போட்டதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் நடை மாறும். ஆனால் அதை வைத்து மொத்தத்தையும் தள்ளிவிடுவது அநியாயம். மூன்று வருடம் கிராமம் கிராமமாக டூவீலரில் அலைந்து, கேள்விப் படிவத்தை நிரப்பி வாங்கி, உதவித்தொகை வராத மாதங்களில் டியூஷன் எடுத்துச் சமாளித்து எழுதியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குறை சொல்கிறவர்களில் ஒருவராவது ஓர் ஆய்வேட்டைத் திறந்து பார்த்திருப்பாரா? எங்கே போய்ப் பார்ப்பார்?

இந்த ஊரின் ஆராய்ச்சி ஊருக்குள் வந்து சேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு நம்மிடமே உதாரணங்கள் இருக்கின்றன. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் சாலை பலருக்கும் தெரியும். சூடாக்கிய ஜல்லியில் நறுக்கிய பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் அவை உருகி ஜல்லியைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தாரைச் சேர்த்தால் பிடிப்பு கூடுகிறது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவது குறைகிறது, தாரும் மிச்சமாகிறது. நாம் குப்பையில் போடுகிற கேரி பேக்தான் சரக்கு. அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் நடந்தது ரோட்டுக்கு வந்ததால் தெரிந்தது. வராமல் இருந்திருந்தால்?

அதே மாதிரி, பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றி முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வை 1989-ல் காமராசர் பல்கலைக்கழகமே நூலாகப் போட்டது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை நாம் வருடா வருடம் பார்க்கிறோம், அந்தக் கோயிலோடு எந்தெந்தச் சாதி மக்களுக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதினார் அவர். அதை இன்றைக்கும் பேராசிரியர்கள் அல்லாதவர்கள் தேடி வாங்கிப் படிக்கிறார்கள். ஓர் ஆய்வேடு மக்கள் கையில் புழங்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். மக்களுக்குப் புரியும் தமிழில் இருந்தது, புத்தகமாக வந்தது, அவ்வளவுதான் அதன் ரகசியம்.

மரபியலில் நடந்ததும் பெரிய கதை. பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் மதுரைப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எடுத்த மாதிரியில் எம்130 என்ற மரபுக்குறியைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாகவே கிளம்பி வந்த ஆதி மனிதர்களின் தடம் அது. இப்போது கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த முதுமக்கள் தாழி எலும்புகளில் மரபணுவைத் தேடும் வேலையும் இதே பல்கலைக்கழகத்தில்தான் நடக்கிறது. 2025-ல் அந்த மண்டையோடுகளை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினர் இரண்டு ஆண்களின் முகங்களை உருவாக்கிக் காட்டியபோது ஊரே அதைப் பேசியது. கீழடிக்குப் பஸ் பிடித்துப் போகிற கூட்டத்தைப் பாருங்கள், நம் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒத்தக்கடை வேளாண் கல்லூரி மட்டும் கொஞ்சம் பரவாயில்லை, அங்கே வெளியிடுகிற நெல், உளுந்து ரகங்கள் எம்.டி.யு. என்று மதுரை பெயரோடு விதைப் பையில் ஏறிவிடுவதால் விவசாயிக்கு நேரடியாகப் போய்ச் சேருகின்றன. மற்ற துறைகளுக்கு அந்த மாதிரி பை கிடையாது.

சரி, ஆய்வேடுகள் எங்கே போகின்றன? வழிகாட்டிக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று என் கடையில் நகல் போடுவார்கள். மென்நகல், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்துக்குப் போகும், அப்படி ஏற்ற வேண்டும் என்பது 2009 முதலே பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. நல்ல ஏற்பாடுதான், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் தமிழ் ஆய்வேடுகளில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, என் தொழில் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். பழையவை நிறைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை, இன்னும் சிலர் அதையே கேட்கிறார்கள். திரையில் அழகாகத் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குழப்பம். 'ஒப்பாரி' என்று தேடினால் அந்தக் கோப்புக்குள் ஒன்றும் அகப்படாது. ஒருங்குறியில்தான் (யூனிகோடு) தட்டச்சு செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறேன். பல்கலைக்கழகங்கள் இதைக் கட்டாயம் ஆக்கினால் ஒரே உத்தரவில் முடிகிற வேலை.

அப்புறம், பிஎச்.டி.க்கு முன்னால் படித்துவந்த சிறிய ஆய்வுப் படிப்பான எம்.ஃபில். 2022 விதிமுறைகளோடு அந்தப் படிப்பையே யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. அதற்கு அவர்களுக்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் எம்.ஃபில். ஆய்வேடுகள்தான் சின்னச் சின்ன விஷயங்களை எடுத்துக்கொண்டவை. ஒரே ஒரு கிராமம், ஒரே ஒரு அய்யனார் கோயில், ஒரே ஒரு கண்மாய், ஒரு தெருவில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற பெண்கள். நூறு பக்கம் தாண்டாது. பிஎச்.டி.க்குப் போதாது என்று ஒதுக்கப்படும் தலைப்புகள் அதில்தான் பிழைத்திருந்தன. அவற்றில் பல துறை நூலக அலமாரியோடு நின்றுவிட்டன, சில துறைகளில் இடம் இல்லை என்று மூட்டை கட்டி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கிராமத்தின் வரலாறு அந்தக் கிராமத்துக்காரர்களுக்குத் தெரியாமல் செல்லரித்துக்கொண்டிருக்கிறது என்றால் அது யாருக்கு நஷ்டம்?

இதில் எனக்கு ரொம்ப உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. தகவல் கொடுத்த ஊருக்கு என்று கூடுதலாக ஒரு நகல் போடச் சொல்பவர்கள் மிக மிக அபூர்வம். ஊர் ஊராகப் போய், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த மோரைக் குடித்து, பாட்டையும் கதையையும் கணக்கையும் வாங்கி வந்து எழுதியதை அவர்களுக்கே காட்டாமல் விடுவது முறையில்லை. மாணவர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை, பணம் இல்லை, நேரம் இல்லை, அப்படிச் செய்யும்படி அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. ஆசிரியர்களுக்கும் பதவி உயர்வுக்கு ஆங்கில ஆய்விதழில் கட்டுரை வந்தால்தான் மதிப்பு. ஊர் மக்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்ததற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அதனால் கையைவிட்டுப் பணம் கட்டி எங்கேயோ கட்டுரை போடுகிறார்கள், இந்த ஊரைப் பற்றி எழுதியது இந்த ஊருக்கு வருவதில்லை.

இப்போது வாய்மொழித் தேர்வுக்கு வருகிறேன். அழைப்பிதழிலேயே 'பொது வாய்மொழித் தேர்வு' என்றுதான் போடுகிறார்கள், நான்தான் அச்சடித்துக் கொடுக்கிறேன். மூடிய அறைக்குள் நடத்தக்கூடாது, ஆர்வம் உள்ளவர்கள் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்ற எண்ணத்தில் வந்த ஏற்பாடு அது. நடப்பில் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். துறை ஆசிரியர்கள், சக மாணவர்கள், பிறகு கடைசி வரிசையில் பட்டம் வாங்கப்போகிறவரின் அப்பா, அம்மா, மாமனார். வெளியிலிருந்து வரும் புறத்தேர்வாளர் இரண்டு மூன்று கேள்வி கேட்பார், "அவையோர் கேட்கலாம்" என்று சொல்வார்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கைதட்டல், டீ, மிக்சர், போட்டோ.

ஒருமுறை மட்டும் வேறு மாதிரி நடந்தது. கண்மாய்ப் பாசனத்தைப் பற்றிய ஆய்வு. எனக்குத் தெரிந்த மாணவர் என்பதால் போயிருந்தேன். அவருடைய சித்தப்பா ஆயக்கட்டு விவசாயி, வேட்டி துண்டோடு கடைசி வரிசையில் இருந்தார். அவையோர் கேட்கலாம் என்றதும் எழுந்து, "தம்பி, நம்ம கண்மாய்க் கலுங்கை உசத்திக் கட்டுனாங்களே, அதுக்கப்புறம் மேலக் கண்மாய்க்காரங்க நிலத்துல தண்ணி ஏறிக்கிட்டு நிக்குதே, அதை எழுதியிருக்கியாப்பா?" என்று கேட்டார். அறை கப்சிப் என்று ஆகிவிட்டது. மாணவர் எழுதவில்லை. மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கை உயர்த்தினால் கூடுதலாக எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்ற கணக்கு இருந்தது, அந்தத் தண்ணீர் பின்னால் யார் வயலில் ஏறும் என்பது இல்லை. புறத்தேர்வாளர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சித்தப்பாவிடமே விவரம் கேட்க ஆரம்பித்தார். மடை எத்தனை, எந்த மடையை முதலில் திறப்பார்கள், நீர் பாய்ச்சுகிறவருக்குக் கூலி நெல்லாகவா பணமாகவா என்று அரை மணி நேரம் ஓடியது. புத்தகமாகப் போடும்போது இதைச் சேர்த்துக்கொள் என்று மாணவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆராய்ச்சிக்கு இப்படிப்பட்ட ஆள்கள்தான் வேண்டும், அவர்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். மல்லிகைப் பூவைப் பற்றிய தேர்வுக்கு மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிகள் இரண்டு பேர் வரட்டும். சுய உதவிக் குழு ஆய்வுக்கு ஒரு குழுத் தலைவி வரட்டும். நானோ துகளைப் பற்றி நாம் கேள்வி கேட்க முடியாதுதான், ஆனால் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர் பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிவந்து உட்கார வைக்கலாமே. அக்கா ஒருத்தி மேடையில் நின்று தான் கண்டுபிடித்ததை விளக்குவதை அந்தப் பிள்ளை ஒருதடவை பார்த்தால் போதும், ஆராய்ச்சி என்றால் அமெரிக்காவில் நடப்பது என்ற நினைப்பு போய்விடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்ததும் துறைகளிலிருந்து அறிவிப்பு வாங்கி 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் போடுங்கள். தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் எளிய தமிழில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள், தமிழிலும் தலைப்புகள் சிலசமயம் படிக்கிறவரைப் பயமுறுத்தும்படி இருக்கும், அதற்கும் அந்த ஒரு வரி தேவைப்படும். வாரம் ஒருநாள் கால் பக்கம் ஒதுக்க முடிந்தால், அந்த வாரம் தேர்வு முடித்த ஒருவரிடம் என்ன கண்டுபிடித்தீர்கள், அதனால் யாருக்கு என்ன பயன், யாரிடம் தகவல் வாங்கினீர்கள் என்று கேட்டுப் போடுங்கள். காமராசர் பல்கலைக்கழகத்தோடு காந்திகிராமம், அழகப்பா, கொடைக்கானல் அன்னை தெரசா என்று சுற்றியுள்ள பல்கலைக்கழகங்களையும் சேர்த்தால் விஷயத்துக்குப் பஞ்சமே வராது. துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காலை பத்து மணிக்கே எல்லாத் தேர்வையும் வைக்காமல் சிலவற்றை மாலையில் வையுங்கள், வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும்.

முதல் கட்டமாக, என் கடைக்கு அழைப்பிதழ் அடிக்க வருகிற மாணவர்களிடம் சம்மதம் கேட்டு, தேதி, இடம், தலைப்பு, தமிழில் ஒரு வரி விளக்கம் நான்கையும் ஒருங்குறியில் தட்டச்சு செய்து உங்கள் மதுரை அலுவலகத்துக்கு நானே அனுப்பிவைக்கிறேன். எந்த மின்னஞ்சலுக்கு, எத்தனை நாள் முன்னதாக அனுப்ப வேண்டும் என்று இந்தப் பகுதியிலேயே தெரிவித்தால் மற்ற டி.டி.பி. கடைக்காரர்களுக்கும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.