கணக்கு சரியாக வந்திருந்தால்?

அன்புள்ள சேகர்,

பதில் இவ்வளவு தாமதமானதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பாஸ்கரன் நலம்; அதே சதுரங்கம், அதே தகராறு.

"யூஜெனிக்ஸை ஹிட்லர் கெடுத்தார், மூல யோசனை நல்லதுதானே" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்று பொறுக்கி மனித இனத்தை 'மேம்படுத்தும்' யோசனைதானே அது. அதை அப்படியே விட மனசு வரவில்லை.

ஆங்கிலேய அறிஞர் கால்டன் 1883இல் அதற்குப் பெயர் வைத்தார். 1907இலேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டம் போட்டுவிட்டது. அங்கே யூஜெனிக்ஸைப் பரப்பிய ஹாரி லாஃப்லின் எழுதிய மாதிரிச் சட்டத்தை ஒட்டி 1924இல் வர்ஜீனியா ஒன்று இயற்றியது. அது நீதிமன்றத்தில் நிற்குமா என்று பார்க்க, மாநிலக் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த கேரி பக் என்ற 18 வயதுப் பெண்ணைப் பிடித்தார்கள். வளர்ப்பு வீட்டாரின் உறவினன் தன்னைப் பலாத்காரம் செய்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். அதில் பிறந்த குழந்தையையே அவருடைய 'அறிவுக்குறை'க்குச் சாட்சியாக்கினார்கள். அவர் தரப்பு வக்கீல் அந்தக் காப்பகத்தின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர். ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. 1927இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று காப்பகத்தின் பக்கம் நின்றது. மூன்றாம் தலைமுறைக் குறை என்று முத்திரை குத்தப்பட்ட மகள் விவியன், பள்ளியில் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம்பெற்றவள். எட்டு வயதில் இறந்துவிட்டாள்.

என்னைக் கலங்க வைப்பது, எல்லாம் முறைப்படி நடந்தது என்பதுதான். நோட்டீஸ், விசாரணை, மேல்முறையீடு எல்லாம் இருந்தன. ஜெர்மனியின் 1933 கருத்தடைச் சட்டத்திலும் ஒரு நீதிபதி, இரண்டு மருத்துவர்கள் கொண்ட மன்றம் உண்டு, அதற்கு மேல்முறையீடும் உண்டு. சுமார் 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தார்கள். ஸ்வீடனில் ஹிட்லர் ஆளவில்லை. அங்கே இது 1975 வரை ஓடியது.

கணக்கையும் பார். ஒடுங்கு மரபணுவால், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் தரும் மரபணுவால், வரும் நோய் 10,000 பேரில் ஒருவருக்கு என்றால், அந்த மரபணுவின் பிரதிகளில் நூற்றில் ஒன்று குறையுள்ளது. அதே 10,000 பேரில் நோயில்லாமல் அதைச் சுமப்பவர்கள் ஏறக்குறைய 198 பேர். நோயாளிகள் ஒருவர் விடாமல் கருத்தடை செய்தாலும் அந்த நூற்றில் ஒன்று பாதியாகக் குறைய 100 தலைமுறை, அதாவது சுமார் 2,500 ஆண்டு ஆகும். மரபியலாளர் பன்னெட் 1917இலேயே இந்த மாதிரிக் கணக்கை அச்சில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் சட்டங்கள் பெருகின.

ஆனால், கணக்கு தப்பு என்பதோடு நீ நிறுத்திக்கொண்டால் வாதத்தில் தோற்பாய். மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு மரபணுவால், அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும் என்ற மரபணுவால், வருவது. அதைச் சுமப்பவர்கள் யாரும் பிள்ளை பெறாவிட்டால் ஒரே தலைமுறையில் பெரும்பாலும் நின்றுபோகும். அங்கே கணக்கு சரி! அப்படியானால் கட்டாயப்படுத்தலாமா? கூடாது என்று நீ சொன்னால், அதற்குக் காரணம் உயிரியல் அல்ல. ஒருவர் உடம்பை அவர் சம்மதமின்றித் தொட அரசுக்கு உரிமையில்லை என்பதுதான். 'அறிவுக்குறை' என்ற பெயரில் ஏழைகளையும் மணமாகாத தாய்களையும் சேர்த்துக்கொண்டார்களே, அந்த வாசல் திறந்ததும் தன் உடம்பின் மீது ஒருவருக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்ததால்தான்.

நீ கேட்ட கருத் தேர்வு, அதாவது ஆய்வகத்தில் உருவான கருக்களைச் சோதித்து ஒன்றைப் பொறுக்குவது, வேறு விஷயம். பெற்றோர் தாங்களாக எடுக்கும் முடிவை அரசின் கட்டாயத்தோடு நான் சேர்க்கமாட்டேன். ஆனால் பல மரபணுக்களின் விளைவைக் கூட்டி ஒவ்வொரு கருவுக்கும் போடும் அந்த மதிப்பெண், ஒரே பெற்றோரின் கருக்களிடையே மிகச் சிறிய வித்தியாசத்தைத்தான் காட்டும்; தரவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதை விற்பவர்களிடம் இதைக் கேள். வேண்டாம் என்று மறுப்பவருக்குக் காப்பீட்டிலோ சிகிச்சையிலோ எதுவும் குறையாது என்று எழுதிக் கொடுப்பார்களா? அவர்கள் சொல்வதை எனக்கு அப்படியே எழுது.

அன்புடன்,
ரகு