வேலூர் வெயிலில் வளரும் நாய்: நண்பனுக்கு ஒரு கடிதம்

குடியாத்தம்,
பங்குனி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சத்துவாச்சாரியில் புது வீட்டில் எல்லோரும் நலமாகக் குடியேறிவிட்டதையும், எனக்குத் தங்கை போன்ற உன் மனைவியின் முழங்கால் வலி முன்னைவிடக் குறைந்திருப்பதையும் படித்து மனம் நிறைந்தது. இங்கே நாங்களும் நலம். ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், தெருவில் யாருடைய மாடாவது நாயாவது தீனி எடுக்கவில்லை என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். கால்நடை ஆய்வாளராக இருந்தவன் என்பதை ஊர் மறக்கவில்லை. நாய் வளர்ப்பதைப் பற்றி நீயும் என்னிடம் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த நாளிலிருந்து உன் மகன் ராட்வைலரோ ஜெர்மன் ஷெப்பர்டோ வேண்டும் என்கிறான்; பேரன் கைப்பேசியில் பார்த்த நீலக்கண் ஹஸ்கிக்காக அடம் பிடிக்கிறான்; நீ லேப்ரடார் போதும் என்று நினைக்கிறாய். தங்கை என்ன சொன்னாள் என்பது மட்டும் உன் கடிதத்தில் எங்கும் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போன பிறகு, நீயும் சங்க வேலையாகக் கிளம்பிவிட்டால், காலையிலிருந்து மாலை வரை அந்த நாயோடு வீட்டில் இருக்கப்போகிறவள் அவள் ஒருத்திதான். யார் வாங்கி வந்தாலும் அது அவளுடைய நாயாகத்தான் வளரும். ஆகவே அவளுடைய காலுக்கும் கைக்கும் பொழுதுக்கும் எந்த நாய் ஒத்துவரும் என்பதிலிருந்துதான் நாம் யோசிக்கத் தொடங்க வேண்டும்.

பேரனின் ஆசையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஹஸ்கி என்பது சைபீரியாவின் உறைபனியில் சுக்சி மக்கள் வண்டி இழுப்பதற்காக வளர்த்த இனம். அதன் உடம்பில் அடியில் கம்பளி போன்ற மென்மயிரும் மேலே நீண்ட மயிருமாக இரண்டு அடுக்குகள் உண்டு. நாய்களுக்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அவை சூட்டை வெளியேற்றியாக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 105 டிகிரியைத் தாண்டும் நம் வேலூரில், மலைப்பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் கக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த நாய் எவ்வளவு மூச்சிரைத்தாலும் போதாது. நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் அடைத்து வைக்கலாம் என்றால், வண்டி இழுத்துக்கொண்டு பல மைல் ஓடுவதற்கென்றே பிறந்த பிராணி அந்த அறையையே பிய்த்துப் போடும். மயிரை மழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதை நம்பாதே; மழித்தால் தோல் நேராக வெயிலில் காயும். பேரனிடம் இதை உள்ளபடியே சொல். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பிராணி துன்பப்படும் என்பது நன்றாகவே புரியும். மூக்கு தட்டையான பக் நாய்க்கும் மூச்சு வாங்குவதே பெரும்பாடு என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

ராட்வைலரும் ஷெப்பர்டும் அறிவுள்ள, விசுவாசமான நாய்கள். அவற்றின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நன்றாக வளர்ந்த ஆண் ராட்வைலர் ஐம்பது கிலோ இருக்கும். எதிரே ஒரு பூனை ஓடி அது பாய்ந்தால், முழங்கால் வலியோடு வாரைப் பிடித்திருக்கும் தங்கை கீழே விழுவாள். ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது என்பதால், தாய் தந்தை இரண்டையும் பார்க்காமல் குட்டி வாங்குவது சரியல்ல. நீ விரும்பும் லேப்ரடாருக்கு வெயில் ஓரளவு பழகும் என்றாலும், அது வேலை செய்வதற்கென்று வளர்க்கப்பட்ட நாய். தினமும் நன்றாக ஓடவிடாமல் சோறு மட்டும் போட்டால் இரண்டே ஆண்டில் பெருத்து மூட்டுவலிக்கு ஆளாகிவிடும். திருடனையும் அது வாலாட்டி வரவேற்கும் என்பதை உன் மகனிடம் சொல்லிவிடு.

நம் மண்ணின் வேட்டை நாய்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றைப் பற்றி எழுதினால் எனக்கு நிறுத்த மனம் வராது. 2005-இல் நாட்டு நாயினங்களுக்காக அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. இவையெல்லாம் நம் வெயிலில் பிறந்து வளர்ந்த நாய்கள், நோய்நொடியும் குறைவு. ஆனால் முயலைத் துரத்திப் பிடிப்பதற்கான கால்கள் அவற்றுக்கு; கழனியும் தோப்பும் உள்ளவன் வளர்த்தால் அழகு, வீடுகள் நெருங்கிய உன் தெருவில் வளர்த்தால் அடுத்த வீட்டுக் கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நீ பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ராஜபாளையத்தின் தூய வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதுண்டு. எங்காவது வாங்குகிறவர்கள் குட்டியின் பின்னால் நின்று கைதட்டி, அது திரும்புகிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

இனி என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். உன் வீட்டுக்கு ஏற்றது நம் தெருக்களில் பிறக்கும் சாதாரண நாட்டு நாயின் பெண்குட்டி. உன் மகன் முகம் சுளிக்கலாம். ஆனால் பதினைந்து இருபது கிலோவுக்குள் நிற்கும் உடம்பு, ஒட்டிய மயிர், வெயிலைத் தாங்கும் வாகு, அயலாரைக் கண்டால் உடனே குரல் கொடுக்கும் குணம் ஆகிய எல்லாம் அதற்கு இயல்பாகவே உண்டு. திருடன் அஞ்சுவது கடிக்கு முன்பாகக் குரைப்புக்கு. ஊர் விழித்துக்கொள்ளும் வீட்டில் அவன் நுழைய மாட்டான். பணம் கொடுத்து வாங்கிய நாயைப் போலவே இதற்கும் தடுப்பூசியும் சத்துணவும் வீட்டுக்குள் ஓர் இடமும் கொடுத்தால், குறையே இல்லாத துணையாக இருக்கும்.

வீட்டுக்குள் ஓர் இடம் என்று சொன்னதை நீ அழுத்தமாகப் படிக்க வேண்டும். வாசலில் நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிவைத்தால் காவல் உறுதிப்படும் என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. கட்டிப்போட்ட நாய்க்கு ஓடித் தப்ப வழியில்லை. அதனால் பயந்தபோதெல்லாம் பாய்வதைத் தவிர வேறு எதையும் அது கற்றுக்கொள்வதில்லை. நான் பணியில் இருந்த காலத்தில் குழந்தைகளைக் கடித்ததாகக் கொண்டுவரப்பட்ட வளர்ப்பு நாய்களில் பல, இப்படிச் சங்கிலியிலேயே வளர்ந்தவை. பூசை அறைக்குள் வரக்கூடாது, சமையல்கட்டுக்குள் வரக்கூடாது என்று தங்கை எல்லை வகுக்கட்டும். நாய் அதை எளிதாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் கூடத்தின் ஒரு மூலையாவது அதற்கு உரியதாக இருக்க வேண்டும்.

குட்டியை எட்டு வாரம் முடியும் முன் தாயிடமிருந்து பிரிக்காதே. கடிக்கும் வேகத்தை அளவோடு வைத்துக்கொள்வதை உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் அது கற்கிறது. விற்பனைக் குட்டிகளுக்குக்கூட மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் இந்த எட்டு வாரத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் அச்சமின்றிப் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ, அவற்றைப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றிய முதியவர், மிக்ஸியின் இரைச்சல், தூரத்தில் கேட்கும் மேளம் ஆகியவற்றை எல்லாம் அந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகப்படுத்து. ஆனால் தடுப்பூசிகள் முடியும்வரை தெருமண்ணில் இறக்காமல் கையில் தூக்கிச் செல்ல வேண்டும். ரத்தப்பேதியாகப் போய்க் குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் சாகாமல் கிடக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர்ச்சி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அது ஆண்டுதோறும் மறுபடியும். குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் கணக்கில் கொடு. கருத்தடை அறுவையும் தள்ளிப்போடாமல் செய்துவிட்டால், முதிர்ந்த பெண்நாய்களுக்கு வரும் கருப்பைச் சீழ்நோயிலிருந்து அது தப்பும்.

குணத்தைப் பற்றி உன் மகனுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். அடித்து அடக்கி, நான்தான் தலைவன் என்று காட்டினால்தான் நாய் பணியும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு ஆய்வாளர், அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவிய எண்ணம் அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் அவற்றின் பிள்ளைகளுமான குடும்பம்தான் என்று 1999-இல் விளக்கி எழுதிவிட்டார். கூடத்தில் சிறுநீர் கழித்த குட்டியின் மூக்கை அதிலேயே தேய்ப்பதால் அது உன் கையைக் கண்டு நடுங்கக் கற்குமே ஒழிய வேறொன்றும் கற்காது. தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே அழைத்துப் போய், சரியான இடத்தில் கழித்த அந்த நொடியிலேயே தட்டிக்கொடுத்து ஒரு துண்டு முட்டை கொடுங்கள். சில வாரங்களில் பழகிவிடும்.

நாய் உறுமினால் அதற்காக அதை ஒருபோதும் அடிக்கக் கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை; அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். உறுமுவதற்கும் முன்பே அது முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், உடம்பை விறைக்கும். இவற்றைப் படிக்கப் பேரனுக்குக் கற்றுக்கொடு. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடக்கூடாது என்பதை அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவை. எந்த நாய் கடித்தாலும், சொந்த நாயே ஆனாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு என்று எதையும் வைக்கவிடாதே. வெறிநோய் வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. வருமுன் காக்கும் ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

உணவில் சிக்கல் அதிகம் இல்லை. தயிர்சோறு மட்டும் போதாது. முட்டை, வேகவைத்த கோழி, மீன், கொஞ்சம் காய் என்று சேர வேண்டும். உன் வீட்டில் ஞாயிறுதோறும் ஆம்பூர் பிரியாணி வருமே, அதில் மிஞ்சியதைப் போடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு.

உண்ணியை மட்டும் அலட்சியம் செய்யாதே. நாய் உண்ணி சுவர் விரிசல்களில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும்; நாயின் உடம்பில் மருந்து தடவினால் போதாது, சுவரையும் தரையையும் கவனிக்க வேண்டும். காய்ச்சல், தீனி மறுப்பு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று உடனே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோ. கோடையில் சூரியன் ஏறும் முன்னும் இறங்கிய பின்னுமே நடைக்கு அழைத்துச் செல். உன் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார். உனக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது. தகரக்கூரைக் கூண்டு வேண்டவே வேண்டாம். வெயிலில் தள்ளாடி எச்சில் ஒழுகினால், வயிற்றிலும் காலிடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறியின் கீழ் கிடத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கள் தெருமுனைப் பூக்கடைக்காரர் பார்த்துக்கொள்ளும் செவலை நாய் மாசிக் கடைசியில் குட்டி போட்டிருக்கிறது. தாய் சாது, தெருப்பிள்ளைகள் நடுவிலேயே வளர்ந்தது, அயலார் வந்தால் மட்டும் குரைக்கும். குட்டிகளில் இரண்டு பெண். எட்டு வாரம் முடியும் நேரமும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவும் ஒட்டி வருகின்றன. வாணவேடிக்கை ஓய்ந்து நான்கு நாள் கழித்துக் குட்டியை எடுத்துச் செல்வதே நல்லது. அதற்கு முன்பாக வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், தங்கையை அழைத்துக்கொண்டு வா. அவள் வந்து உட்கார்ந்து, தாயையும் குட்டிகளையும் நிதானமாகப் பார்க்கட்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் பேச்சை அத்தோடு விட்டுவிடுவோம். சரி என்றால் எந்தக் குட்டி என்பதையும் அவளே சொல்லட்டும். நீங்கள் வரும் பேருந்து நேரத்தை முதல் நாளே தெரிவித்துவிடு.

உன் அன்புள்ள நண்பன்.